கைப்பிடி வைத்த வடை

கூச்சப்படுகிறவர்கள் நல்லவர்கள், ஒருவருக்கும் தீங்கு செய்யமாட்டார்கள் என்று ஊரில் ஒரு எண்ணம் இருக்கிறது. அறுபத்தாறு வருடமாகக் கூச்சத்தோடு வாழ்ந்தவள் என்ற முறையில் சொல்கிறேன், அது சுத்தப் பிழை. நாங்கள் மிகவும் ஆபத்தானவர்கள். விளங்காததை விளங்கவில்லை என்று சொல்லமாட்டோம். எதிரில் நிற்கிற ஆள் சீக்கிரம் போய்விட வேண்டும் என்பதற்காக எதைக் கேட்டாலும் 'ஓம்' என்று சொல்லிவிடுவோம்.

ஒருமுறை முன்பின் தெரியாத ஒருவர் படலையில் வந்து நின்று, "அம்மா, இது உங்கட மாடுதானே?" என்று கேட்டார். நான் மாட்டைப் பார்க்கவில்லை. நிலத்தைப் பார்த்துக்கொண்டு ஓம் என்றேன். யாரோ ஒருவருடைய மாடு இரண்டு நாள் எங்கள் வளவில் கட்டிக் கிடந்து, என் கத்தரிக் கன்றுகளை எல்லாம் தின்றது. (என் மனுசன் மூன்றாம் நாள்தான் கேட்டார், "எங்களுக்கு எப்ப மாடு வந்தது?" என்று.)

ஆனால் அந்த மாட்டை எல்லாம் வீட்டில் இப்போது ஒருவரும் ஞாபகம் வைத்திருப்பதில்லை. வடை வந்து அதை மறைத்துவிட்டது.

என் மருமகள் சுகந்தி விஞ்ஞான ரீச்சர். புதுக்குடியிருப்புப் பிள்ளை. மகன் வவுனியாவில் வேலை, சனி ஞாயிறுதான் வீட்டுக்கு வருவான். மற்ற நாட்களில் கிளிநொச்சிப் பக்கத்து வாய்க்கால் கரை வீட்டில் நான், என் மனுசன், சுகந்தி என்று மூன்றே பேர். வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடத்தில் அவளுக்கு முதல் நியமனம். அதே பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாடு சமைக்கிற பெண்களில் நானும் ஒருத்தி. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள், அறுபது தாண்டித் திரும்பவும் பள்ளிக்கூடம் போனேன், குசினி வாசலால்.

சுகந்தியின் நியமனம் உறுதியாவதற்கு, கல்வி வலயத்திலிருந்து ஒரு அதிகாரி சேர் வந்து அவள் படிப்பிப்பதைப் பார்த்து 'சரி' என்று எழுதவேண்டும். முதல் தடவை வந்தார். அன்றைக்கு ஒளி பற்றிய பாடம். சுகந்தி கரும்பலகையில் கோடு கோடாகக் கீறி, ஒரு மணித்தியாலம் மூச்சு விடாமல் விளங்கப்படுத்தினாள். சேர் கடைசி வாங்கில் இருந்து கேட்டுவிட்டு, ஒரே ஒரு வரி எழுதிவிட்டுப் போனார்: 'பிள்ளைகள் கேட்டார்கள், கண்ணால் காணவில்லை.'

அன்று இரவு சுகந்தி சாப்பிடவில்லை. இன்னொரு தரம் வருவார், அதுதான் கடைசி. அதுவும் சரிவராவிட்டால் நியமனம் உறுதியாகாது. பிறகு எந்தப் பள்ளிக்கூடம், எந்த ஊர் என்று ஒருவருக்கும் தெரியாது.

"இந்த முறை எல்லாத்தையும் கையால செய்து காட்டப் போறன் மாமி," என்றாள். "முதல் உங்களுக்குச் செய்து காட்டுறன். உங்களுக்கு விளங்கினால் பிள்ளையளுக்கும் விளங்கும்."

(இதை அவள் மரியாதையாகத்தான் சொன்னாள்.)

அந்தக் கிழமை மகன் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு பாடம் தொடங்கியது. விறாந்தைக் கதிரையில் நான் ஒரே ஒரு மாணவி. முதலில் சுவரில் தொங்கிய என் முகம் பார்க்கிற கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு வந்தாள். அதை வெயிலில் பிடிக்க, பக்கத்துச் சுவரில் சதுரமாக வெளிச்சம் விழுந்தது. அதில் அம்மை போட்டதுபோலச் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள்.

"மாமி, உங்கட பொட்டெல்லாம் சுவரில விழுந்திருக்கு," என்றாள் சுகந்தி.

இரவில் கழற்றுகிற ஒட்டுப்பொட்டை எல்லாம் நான் கண்ணாடியின் ஓரத்தில் ஒட்டி வைப்பது வழக்கம். திரும்ப எடுத்ததாகச் சரித்திரம் இல்லை. அவள் நகத்தால் சுரண்டச் சுரண்டப் பதினேழு பொட்டு வந்தது. பிறகு, வெளிச்சம் எந்தச் சரிவில் வந்து படுகிறதோ அதே சரிவில்தான் தெறித்துப் போகும் என்று கண்ணாடியைத் திருப்பித் திருப்பிக் காட்டினாள். அப்படித் தெறித்த ஒன்று, சாய்மனைக் கதிரையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்த என் மனுசனின் கண்ணில் போய் விழுந்தது.

"ஆரடா அது, ரோச் அடிக்கிறது?" என்றார் அவர்.

"ஒளித்தெறிப்பு மாமா," என்றாள் சுகந்தி.

"அதை அங்கால தெறிக்க விடு பிள்ளை," என்று அவர் கதிரையைத் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அடுத்தது ஒளிமுறிவு. ஒரு கோப்பையின் அடியில் இரண்டு ரூபாய்க் குற்றி ஒன்றை வைத்தாள். குற்றி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு என்னைத் தள்ளி இருக்கச் சொன்னாள். பிறகு செம்பால் மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றினாள். குற்றி அசையவில்லை, நானும் அசையவில்லை, ஆனால் குற்றி எழும்பி வந்து கோப்பை விளிம்புக்கு மேலால் என்னைப் பார்த்தது.

அது எனக்கு உண்மையாகவே விளங்கியது. கலியாணம் முடித்து வந்த புதிதில், முழங்கால் அளவு தண்ணீர்தானே என்று எங்கள் வாய்க்காலில் இறங்கி இடுப்பளவில் நின்றவள் நான். அன்றைக்கு என்னை ஏமாற்றியது இந்த ஒளிமுறிவுதான் என்று நாற்பது வருடம் கழித்துத் தெரிந்துகொண்டதில் ஒரு ஆறுதல்.

மூன்றாவதாகச் செய்ததுதான் முக்கியமானது. பள்ளிக்கூடத்தில் சூடு தாங்குகிற கண்ணாடியில் செய்த சின்னக் குழாய் ஒன்றே ஒன்று இருந்தது. விரல் நீளம், விரல் பருமன். அதைக் கையில் வைத்துக்கொண்டு சுகந்தி என் குசினிக்குள் புகுந்து ஒவ்வொரு எண்ணெயாகக் கொண்டு வந்தாள். தேங்காயெண்ணெயில் போட்டுப் பார்த்தாள், சரியில்லை என்றாள். நல்லெண்ணெயில் போட்டுப் பார்த்தாள், நிறம் கூட என்றாள். கடைசியில் பொரியலுக்கு வைத்திருந்த மரக்கறி எண்ணெய்ப் போத்தலை எடுத்து ஒரு பெரிய கண்ணாடிக் குவளையில் ஊற்றத் தொடங்கினாள். என் எண்ணெய் 'களக் களக்' என்று போகிற சத்தம் கேட்டது. அந்த வெயிலும் காற்றும் சோறும் சேர்ந்து, அதுதான் நான் கடைசியாகக் கேட்ட சத்தம்.

"விளங்கினதோ மாமி?"

கண்ணைத் திறந்தேன். சுகந்தியின் முகம் முழுவதும் சந்தோசம்.

"ஓம்," என்றேன்.

"வடிவாய்ப் பாத்தனீங்கள்தானே?"

"ஓம்."

"அப்பிடியே இல்லாமல் போட்டுதுதானே?"

எது இல்லாமல் போனது என்று கேட்டிருக்கலாம். வாய் மட்டும் இருந்தது, துணிவு இல்லை. "ஓம், போட்டுது," என்றேன். அவள் சந்தோசமாகக் குவளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

சேர் வருகிற நாள் எனக்குச் சமையல் முறை. என்னோடு தவமும் முறைக்கு நின்றாள். தவம் என்னைவிடப் பத்து வயது இளையவள். நான் கதைக்காததை எல்லாம் சேர்த்து அவளே கதைப்பாள். அதனால் எங்கள் இருவருக்கும் நல்ல பொருத்தம்.

காலையிலேயே சுகந்தி ஒரு தட்டத்தைக் கொண்டு வந்து பள்ளிக்கூடக் குசினி மேசையில் வைத்தாள். தட்டத்தில் ஒரு துணியும், அந்தப் பெரிய கண்ணாடிக் குவளையும் இருந்தன. குவளையில் முக்கால்வாசிக்கு எண்ணெய்.

"வகுப்பில வச்சால் பிள்ளையள் கை வைப்பினம் மாமி. இது உங்களிட்டை இருந்தால் எனக்குப் பயமில்லை. ஒருத்தரும் தொடாமல் பாருங்கோ. நேரம் வர ஆளனுப்புறன்."

"ஓம்," என்றேன்.

இப்போது நீங்கள் அறியவேண்டியது, அந்த எண்ணெய்க்குள் அந்தக் கண்ணாடிக் குழாய் கிடந்தது. அந்த எண்ணெயும் அந்தக் கண்ணாடியும் வெளிச்சத்தை ஒரே அளவாக முறிக்கின்றனவாம். அதனால் எண்ணெய் எங்கே முடிகிறது, கண்ணாடி எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. வெறும் எண்ணெய் என்று பிள்ளைகளை நம்பவைத்து, உள்ளே இருந்து குழாயை வெளியே எடுத்துக் காட்டுவது அவளுடைய திட்டம். இதை எல்லாம் அவள் ஞாயிற்றுக்கிழமையே எனக்கு விபரமாகச் சொல்லியிருந்தாள். நான்தான் அப்போது ஊரில் இல்லை.

சேர் சொன்ன நேரத்துக்கு ஒரு மணித்தியாலம் முந்தி வந்துவிட்டார். அதிபர் குசினி வாசலுக்கு ஓடி வந்தார்.

"அம்மா, வகுப்பு முடிஞ்ச உடன சேருக்கு வடையும் தேத்தண்ணியும் வேணும். இண்டைக்கு ஒண்டும் பிழைக்கப்படாது."

உழுந்து அரைத்துத் தயாராக இருந்தது. தாச்சியை அடுப்பில் வைத்துவிட்டுத் தவம் எண்ணெய்ப் போத்தலைத் தலைகீழாகப் பிடித்தாள். தாச்சியின் அடியில் ஒரு பொட்டளவு விழுந்தது.

"எண்ணெய் முடிஞ்சுது அக்கா. இப்ப கடைக்குப் போய் ஆர் வாறது?"

நான் மேசையைப் பார்த்தேன். குவளையில் தாராளமாய் எண்ணெய். என் குசினி எண்ணெய்தான், நிறத்திலேயே தெரிந்தது. அப்போது என் மண்டைக்குள் எல்லாம் தெளிவாக விளங்கியது. சேருக்கு வடை சுட வேண்டி வரும், பள்ளிக்கூடத்தில் எண்ணெய் காணாது என்று சுகந்தி முன்கூட்டியே யோசித்திருக்கிறாள். அதுதான் வீட்டிலிருந்து கொண்டு வந்து, வேறு ஆரும் எடுத்துவிடாமல் என்னிடம் ஒப்படைத்திருக்கிறாள். என்ன பொறுப்பான பிள்ளை என்று நினைத்து எனக்குக் கண்கூடக் கலங்கியது.

குவளையைத் தூக்கித் தாச்சியில் ஊற்றினேன். 'கிணுக்' என்று ஒரு சத்தம்.

"என்னக்கா சத்தம்?"

"கரண்டி தட்டுப்பட்டிருக்கும்," என்றேன். கரண்டி சுவரில் தொங்கிக்கொண்டிருந்தது.

எண்ணெய் காய்ந்ததும் வடைகளைத் தட்டித் துளையிட்டுப் போட்டேன். ஐந்து வடை மேலே வந்து மிதந்து சிவந்தன. ஆறாவது வடை அடியிலேயே கிடந்தது. கரண்டியால் தட்டினேன், எழும்பவில்லை. புரட்டப் பார்த்தேன், புரளவில்லை. எதிலேயோ பிடித்துக்கொண்டு கிடக்கிறது. ஆனால் நுரையும் புகையும் தவிர அங்கே ஒன்றுமே இல்லை.

பேய் பிசாசை நான் அவ்வளவு நம்புகிறவள் இல்லை. ஆனாலும் அன்றைக்கு முருகா என்று ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் ஓட்டைக் கரண்டியை அடியில் விட்டு அந்த வடையைத் தூக்கினேன். வடை எண்ணெயை விட்டு வெளியே வந்தது. அதன் நடுத்துளையிலிருந்து, சற்று முன்பு இல்லாத ஒரு கண்ணாடிக் குழாயும் மினுங்கிக்கொண்டு வெளியே வந்தது. வடை அதை நடுவில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெந்திருந்தது.

தவம் எட்டிப் பார்த்தாள்.

"அக்கா, இந்த வடைக்கு ஏன் கைப்பிடி வச்சனீங்கள்?"

ஞாயிற்றுக்கிழமை சுகந்தியின் கையில் பார்த்த குழாய். 'அப்பிடியே இல்லாமல் போட்டுதுதானே?' 'ஓம், போட்டுது.' எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து என் தலையில் விழுந்தன. பள்ளிக்கூடத்துக்கே இருப்பது அந்த ஒரு குழாய். என் மருமகளுக்கு இருப்பது இந்த ஒரு நாள்.

அந்த நேரம் பார்த்து இரண்டு பெண்பிள்ளைகள் வாசலில். "ரீச்சர் தட்டத்தைக் கொண்டுவரச் சொன்னவா."

நான் ஏதாவது சொல்வதற்குள் தவம் வெறும் குவளையோடு தட்டத்தைத் தூக்கிக் கொடுத்துவிட்டாள். அவர்கள் போய்விட்டார்கள்.

"தவம், நீ போய் ரீச்சரிட்டைச் சொல்லிப்போட்டு வா."

"நான் என்னத்தை எண்டு சொல்லுறது? கையெல்லாம் மா. நீங்கள்தானே மாமி, நீங்கள் போங்கோ."

குழாயை இழுத்துப் பார்த்தேன். கை சுட்டதே தவிர வடை விடவில்லை. கடைசியில் அதை ஒரு அகலக் கோப்பையில் வைத்து, பார்ப்பவர்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று சுற்றிவர மற்ற ஐந்து வடையையும் அடுக்கிக்கொண்டு வகுப்பறைக்கு நடந்தேன். அது ஐம்பது அடித் தூரம்கூட இருக்காது. எனக்கு வவுனியாவுக்கு நடந்ததுபோல இருந்தது.

வாசலை அடையும்போது சுகந்தி குவளையைக் கையில் எடுத்திருந்தாள்.

"பிள்ளையள், இப்ப இந்தக் குவளைக்குள்ள..." என்று தொடங்கியவள் குவளையைப் பார்த்தாள். பிறகு வாசலில் நின்ற என்னைப் பார்த்தாள். அவளுடைய முகத்தில் இருந்த இரத்தம் எல்லாம் எங்கே போனதோ தெரியாது.

நாற்பது பிள்ளைகள் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அவளுக்குக் கிட்டே போய்க் காதில் சொல்லலாம் என்று உள்ளே நுழைந்தேன். ஆனால் அந்த வகுப்பின் வாசல் பின்பக்கம். வாசலுக்கு அருகில் கடைசி வாங்கில் சேர். கோப்பையோடு ஒரு அம்மா வந்து பக்கத்தில் நின்றால் எங்கள் பக்கத்தில் ஆரும் என்ன செய்வார்கள்? மரியாதைக்கு ஒன்று எடுப்பார்கள். சேரும் எழுதிக்கொண்டே கையை நீட்டி, நடுவில் கைக்குத் தட்டுப்பட்ட ஒன்றை எடுத்தார்.

அந்த ஒன்றை.

வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனவர் நிறுத்தினார். கண்ணாடிக் குழாயைப் பிடித்து வடையை முகத்துக்கு நேரே தூக்கி, முன்னாலும் பின்னாலும் பார்த்தார்.

"இதென்னம்மா, புது மாதிரியோ?"

வகுப்பு வெடித்துச் சிரித்தது. சுகந்தி மட்டும் சிரிக்கவில்லை. அவள் உதட்டைக் கடித்துக்கொண்டு நின்ற நிலையைப் பார்த்தபோது, என் கூச்சத்தைவிட அவளுடைய அழுகை எனக்குப் பெரிதாகத் தெரிந்தது. அறுபத்திரண்டு வயதில் முதன்முறையாக ஒரு சபையில் வாய் திறந்தேன்.

"ரீச்சரில பிழையில்லை. அது கண்ணாடிக் குழாய். எண்ணெய்க்குள்ள கிடந்தது. நான் வெறும் எண்ணெய் எண்டு தாச்சியில ஊத்திப்போட்டன். நான் காணேல்லை."

சேரின் சிரிப்பு நின்றது. "குவளையை உங்கட கையால தூக்கினனீங்கள். அப்பவும் காணேல்லையோ?"

"இல்லை. வடை ஒட்டின பிறகுதான் கண்டனான்."

சேர் பிள்ளைகள் பக்கம் திரும்பினார். "அம்மா பொய் சொல்லுறா எண்டு நினைக்கிறீங்களோ? ஏன் அவாவுக்குக் குழாய் தெரியேல்லை?"

முன்வாங்கில் ஒரு பிள்ளை மெல்ல எழும்பியது. "எண்ணெய்க்குள்ள இருந்து கண்ணாடிக்குள்ள போகேக்கை வெளிச்சம் முறியேல்லைப் போல, சேர். முறிஞ்சால்தானே தெரியும்."

"சரியாய் இருக்கலாம்," என்றார் சேர். "ஆனால் நான் இன்னும் கண்ணால காணேல்லை."

அந்தச் சொல்லைக் கேட்டதும் சுகந்தி நிமிர்ந்தாள். அது இரட்டைப் பாடவேளை. "எண்ணெய் ஆறட்டும் சேர், காட்டுறன்," என்றாள். அதுவரைக்கும் பிள்ளைகளை இருவர் இருவராகப் பிரித்து, கோப்பையும் குற்றியும் தண்ணீரும் கொடுத்தாள். வகுப்பு முழுவதும் ஒருவர் தண்ணீர் ஊற்ற மற்றவர், "வருது, வருது," என்று சொல்கிற சத்தம். கண்ணாடி வெளிச்சம் கூரையிலும் சேரின் சட்டையிலும் ஓடித் திரிந்தது.

வடையோடு குழாயையும் வெறும் குவளையையும் வாங்கிக்கொண்டு நான் குசினிக்குத் திரும்பினேன். தவமும் நானும் தாச்சியை இறக்கி வைத்து விசிறி விசிறி ஆற்றினோம். வடைத் துண்டுகள் நீங்க எண்ணெயைத் துணியால் வடித்தோம். குழாயில் இருந்த வடையைத் தவம் பிய்த்து எடுத்தாள். ஆனால் கண்ணாடியோடு கருகிப் பிடித்த ஒரு வளையம் மட்டும் எவ்வளவு சுரண்டியும் போகவில்லை.

எண்ணெய்க் குவளையையும் குழாயையும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சுகந்தி குழாயை மெல்ல எண்ணெய்க்குள் விட்டாள். நானும் அன்றைக்குத்தான் முதன்முதலாக விழித்திருந்து பார்த்தேன். அடியிலிருந்து குழாய் கரைவதுபோல இல்லாமல் போய்க்கொண்டே வந்தது. முழுவதும் போனது. ஆனால் வடை வளையம் போகவில்லை. ஒன்றும் இல்லாத எண்ணெயின் நடுவில், எதிலும் பிடிக்காமல், அந்தச் சின்னக் கருகல் வளையம் தன்பாட்டில் நின்றது.

பிள்ளைகள் வாங்கில் ஏறிவிட்டார்கள். சேரும் எழும்பி முன்னால் வந்து, குனிந்து, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். பிறகு மிச்ச வடையில் இரண்டைச் சாப்பிட்டார், ஒவ்வொன்றையும் நன்றாகத் திருப்பிப் பார்த்த பிறகு.

அவர் எழுதிவிட்டுப் போனது இரண்டு வரி: 'பிள்ளைகள் கண்ணால் கண்டார்கள். பாட உபகரணங்களைச் சமையலறையில் வைக்க வேண்டாம்.'

பின்னேரம் சுகந்தியின் ஸ்கூட்டியில் பின்னால் இருந்து வீட்டுக்குப் போனேன். வாய்க்கால் கட்டுக்கு வந்ததும் ஸ்கூட்டியை நிற்பாட்டினாள். இறக்கிவிட்டுப் போகப்போகிறாளோ என்று பயந்தேன்.

"மாமி, அண்டைக்கு நான் செய்து காட்டேக்கை நீங்கள் நித்திரையோ?"

"ஓம்," என்றேன்.

அவள் திரும்பி என் முகத்தைப் பார்த்தாள். "இதுதான் நீங்கள் எனக்குச் சொன்ன முதல் உண்மையான ஓம்," என்றாள். அதற்குப் பிறகு சிரிக்கத் தொடங்கியவள், ஸ்கூட்டி சரிந்து விழுகிற அளவுக்குச் சிரித்தாள்.

நியமனம் உறுதியான கடிதம் வந்தது. இப்போதும் அந்தப் பாடம் வருகிற ஒவ்வொரு வருடமும், முதல் நாள் அவள் அந்தக் குழாயைக் கொண்டுவந்து என்னிடம் தருவாள், ஒரு வளையம் சுட்டுத் தரச்சொல்லி. வெறும் குழாய் மறைந்தால் பிள்ளைகள் நம்புகிறார்கள் இல்லையாம். வளையம் நின்றால்தான் குழாய் உள்ளே இருக்கிறது என்று நம்புகிறார்களாம்.

வீட்டில் என் பழைய ஓம் செல்லாது. எதற்கு ஓம் சொன்னாலும் என் மனுசன் பேப்பரை இறக்காமலே கேட்பார், "இது வடை ஓமோ, உண்மை ஓமோ?" மகனும் அதையே வவுனியாவிலிருந்து போனில் கேட்பான்.

போன மாதம் பிரசருக்கு மருந்து எடுக்க ஆஸ்பத்திரிக்குப் போனோம். டொக்டர் ஒவ்வொரு குளிசையையும் காட்டி, எது காலையில், எது இரவில், எது சாப்பிட முந்தி என்று பொறுமையாகச் சொல்லிவிட்டு, "விளங்கினதோ அம்மா?" என்று கேட்டார்.

"ஓம்," என்றேன்.

பக்கத்தில் நின்ற சுகந்தி சொன்னாள், "டொக்டர், அதை நம்பாதேங்கோ. திருப்பிச் சொல்லச் சொல்லுங்கோ."

திருப்பிச் சொன்னேன். மூன்று குளிசையில் இரண்டு பிழை.